தருமபுரியிலிருந்து தனுஷ்கோடிக்குக் கேரவன்: எங்கே நிறுத்தலாம், எதை எங்கே நிரப்பலாம்?

நல்லம்பள்ளி டிரைவர்:
கிளம்பும்போதே தண்ணீர் டேங்கை நிரப்பாதீங்க. 150 லிட்டர் என்றால் 150 கிலோ. கொஞ்ச தூரத்திலேயே தொப்பூர் கணவாய் வந்துவிடும், சேலம் பக்கம் போகும்போது நமக்கு இறக்கம். அரை டேங்க் இன்னும் ஆபத்து. உள்ளே தடுப்புத் தகடு இல்லையென்றால் பிரேக் பிடிக்கும்போதெல்லாம் தண்ணீர் முன்னால் மோதும், வளைவில் வண்டியைப் பக்கவாட்டில் தள்ளும். இறக்கம் தொடங்கும் முன்பே மூன்றாவது கியருக்கு வாங்க. வேகம் கூடினால் இரண்டு. டீசல் மிச்சமாகும் என்று நியூட்ரலில் விடுகிறவர்களும், பிரேக்கையே மிதித்துக்கொண்டு இறங்குகிறவர்களும் கணவாயில் உள்ள இரட்டைப் பாலத்துக்கு வரும்போது பிரேக் லைனிங் சூடேறியிருக்கும். பெடல் கெட்டியாகத்தான் இருக்கும், வண்டி நிற்காது. பின்னால் வரும் கன்டெய்னர் நெருக்கினால் வழிவிட்டுப் போகச் சொல்லுங்க.

பென்னாகரம் அக்கா:
தம்பி சொல்வது சரி. எடை மட்டும் காரணமில்லை. நம்ம பக்கம் பல ஊர் போர் தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகம், காய்ச்சினால் போகாது, சுண்டச் சுண்டக் கூடும். உப்பு படிந்து பம்பு வடிகட்டியும் ஷவரும் அடைத்துக்கொள்ளும். ஒகேனக்கல் குடிநீர் வரும் வீடாக இருந்தால் இரண்டு கேன் பிடித்துக்கொள்ளுங்க, புழங்கும் தண்ணீரைக் கரூரில் நிரப்பலாம். குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 லிட்டர் கணக்கு. கடற்கரைப் பக்கத்துக்கு வேண்டிய கேன்களை மதுரையிலேயே வாங்கிவிடணும். ராமநாதபுரம் தாண்டினால் பல இடங்களில் நிலத்தடி நீர் உவர்ப்பு.

கேஸ் பற்றி யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். 5 கிலோ சிலிண்டரை நிமிர்த்தி வைத்துச் சங்கிலியால் கட்டுங்க. கேஸ் காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையில்தான் தேங்கும். அதனால் காற்றுத் துளை தரைமட்டத்தில் இருக்கணும். ஓடும்போது ரெகுலேட்டரை மூடிவிடுங்க.

காவேரிப்பட்டணம் எலக்ட்ரீசியன்:
இரவுத் தங்கல் கரூர், மதுரை, ராமேஸ்வரம் என்று பிரித்தால் ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 140 முதல் 170 கி.மீ. கரூரைச் சொல்வது ஊர் பார்க்க இல்லை. நாமக்கல்லில் லாரி பாடி, கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறைகள் இருக்கு. கதவுக் கீல், ஜன்னல் ரப்பர், ஸ்பிரிங் பட்டை என்று முதல் நாள் குலுங்கலில் எது தளர்ந்தாலும் அங்கேயே முடித்துவிடலாம்.

பேட்டரி: 12 வோல்ட் 200 ஆம்பியர்-ஹவர் லித்தியம் என்றால் கையில் சுமார் 2.5 யூனிட். சின்ன ஃபிரிட்ஜ் ஒரு நாளைக்கு 0.6, ஃபேன் இரண்டும் ராத்திரிக்கு 0.5. ஒரு டன் ஏசி போட்டால் இரண்டரை மணி நேரத்தில் எல்லாம் காலி. வண்டி ஓடும்போது எஞ்சினிலிருந்து ஏற்றும் 30 ஆம்பியர் சார்ஜரில் மூன்றரை மணி நேரம் ஓட்டினாலும் பாதிதான் ஏறும். ஏசி வேண்டுமென்றால் பிளக் பாயின்ட் தரும் லாட்ஜ் வளாகத்தில் நிறுத்துங்க.

நல்லம்பள்ளி டிரைவர்:
பாம்பன் சாலைப் பாலம் இரண்டு கி.மீ.க்கு மேல். உயரமான வண்டியைக் காற்று பக்கவாட்டில் தட்டும், குறிப்பாக ஜூன் முதல் செப்டம்பர் வரை. 40-ஐத் தாண்டாதீங்க, பாலத்தின்மேல் போட்டோவுக்கு நிறுத்தவும் வேண்டாம். ராமேஸ்வரம் கோயில் வீதிகளுக்குள் கேரவனை நுழைக்காமல் வெளியே விட்டு ஆட்டோவில் போவதே நல்லது. தனுஷ்கோடி சாலை முடியும் அரிச்சல்முனைக்குக் காலையில் போங்க. மாலையானால் போலீஸ் அனுப்பிவிடும், ராத்திரித் தங்கல் கிடையாது.

அங்கே தார் விளிம்பை விட்டு ஒரு சக்கரம்கூட இறங்கக் கூடாது. இறங்கிவிட்டால் ஆக்சிலேட்டரை அழுத்தாதீங்க, புதைந்துகொண்டே போகும். டயர் காற்றை 20 பி.எஸ்.ஐ. வரை இறக்கி, சக்கரத்துக்கு முன்னால் மணலை வாரி அகற்றிப் பலகை போட்டு, மெதுவாக எடுங்க. ஜாக்கிக்கு அடியிலும் பலகை வேணும், அதனால் ஒன்றரை அங்குலம் கனத்தில் குறைந்தது இரண்டு பலகை எடுத்துப் போங்க. தார் ஏறியதும் பழைய அளவுக்குக் காற்று அடிக்காமல் ஓட்டினால் டயர் சூடேறி வெடிக்கும், சின்ன கம்ப்ரசர் கட்டாயம்.

காவேரிப்பட்டணம் எலக்ட்ரீசியன்:
திரும்பும்போது ராமநாதபுரத்தில் வாட்டர் சர்வீஸ் விடுங்க, அடிப்பாகம் முழுக்க நல்ல தண்ணீரில். உப்புக்காற்று முதலில் தின்பது எர்த் ஒயர் முனையை. கிளம்பும் முன்பே அதிலும் பேட்டரி டெர்மினலிலும் வாசலின் தடவிடுங்க.