பதினான்கு வயதுப் பிள்ளைகள் திடலுக்கு வர: ரங்கூன் அனுபவங்கள்

கேள்வி
அண்ணே, அக்கா, வார இறுதித் தமிழ் வகுப்பு முடிந்ததும் சின்னப் பிள்ளைகள் ஓடி ஆடுகிறார்கள். பதினாலைத் தொட்டவர்கள் சுவரோரம் போனோடு உட்கார்ந்துவிடுகிறார்கள். எப்படி எழுப்புவது?

சின்லோன் (பந்தைத் தரையில் விழவிடாமல் காலால் தட்டும் பர்மிய ஆட்டம்) பழக்குபவர்
தம்பி, 'உடம்புக்கு நல்லது' என்ற பேச்சு அந்த வயதில் எடுபடாது. சர்க்கரையும் மாரடைப்பும் அவர்களுக்கு நாற்பது வருடம் தள்ளியிருக்கிற சங்கதி. 'எனக்கு இது வருது' என்ற உணர்வு, கூட்டாளிகள், தானே தேர்ந்தெடுத்தோம் என்ற எண்ணம், இவைதான் இழுக்கும். டெசி, ரயன் என்ற உளவியலாளர்கள் ஊக்கத்தைப் பற்றிச் சொன்னதும் இதுவே.

அதனால்தான் சின்லோனைச் சொல்கிறேன். ஆறு பேர், ஒரு பிரம்புப் பந்து, எதிரணி கிடையாது. கடைசி ஆளாகப் பொறுக்கப்படும் அவமானம் யாருக்கும் இல்லை. ஆனால் எடுத்த எடுப்பில் ஆறு பேர் வட்டம் போட்டால் கெட்டது. பந்து இரண்டு தட்டில் விழும், ஒருவன் சிரிப்பான், விட்டவன் மறுவாரம் வரமாட்டான்.

முதலில் தனித்தனியே: கையிலிருந்து பந்தை விடு, உள்பாதத்தால் ஒரே தட்டு, கையில் பிடி. பாதம் முழங்கால் உயரத்துக்கு எழ வேண்டும், நின்ற காலின் முட்டி கொஞ்சம் மடங்கியிருக்க வேண்டும். காலை விறைத்து உதைப்பதால்தான் பந்து முகத்துக்கு வருகிறது. பத்துக்கு ஏழு தடவை பிடிபட்டால் இரண்டு தட்டு. பிறகு மூன்று பேர் வட்டம், கடைசியில் ஆறு. வட்டத்தில் நிற்க விடாதீர்கள், நடந்துகொண்டே ஆடுவதுதான் முறை. நின்றால் மூச்சு ஏறாது. பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அதுதான் சரியான வேகம்.

தாமதமாக வந்தவனை 'மூன்று சுற்று ஓடு' என்று விரட்டாதீர்கள். ஓட்டமே தண்டனை என்று மனதில் பதிந்துவிடும்.

பெண் பிள்ளைகளுக்குப் பயிற்சி தரும் அக்கா
உலக சுகாதார நிறுவனத்தின் 2016ஆம் ஆண்டுக் கணக்கில், 11 முதல் 17 வயதுள்ள பெண் பிள்ளைகளில் 85 சதவீதம் பேருக்குப் போதிய உடலுழைப்பு இல்லை. பையன்களில் 78. தினம் சராசரியாக 60 நிமிடம் என்பதுதான் அளவு. இதைச் சோம்பேறித்தனம் என்று சொல்வது எனக்குக் கோபமூட்டும். உடை மாற்றக் கதவுள்ள அறை உண்டா, கழிவறையில் தண்ணீர் வருகிறதா, இருட்டுமுன் வீடு சேரலாமா என்று பாருங்கள். தோழியோடு சேர்த்து அழையுங்கள், தனியாகக் கூப்பிட்டால் வரமாட்டார்கள். மாதவிடாய் நாளில் ஆடுவதா, உட்காருவதா என்பது அவள் விருப்பம். காரணம் கேட்காதீர்கள்.

இன்னொருவர்
ஏப்ரல் வெயிலில் காலை எட்டுக்குள் முடித்துவிடுங்கள். வெறுங்காலில் பிரம்பு புறங்காலைச் சிவக்க வைக்கும், முதல் மாதம் மெல்லிய கான்வாஸ் ஷூ போதும். எத்தனை தட்டு என்ற எண்ணிக்கையைச் சத்தமாகச் சொல்லவேண்டாம், அவர்களே எண்ணத் தொடங்கும்வரை பொறுங்கள்.