முதல்ல யாரு வள்ளல்னு சொல்லுங்க

(எங்க குடும்பக் குழுவில் வெள்ளி முதல் ஞாயிறு வரை ஓடினது. பெயர்கள் என் போனில் சேமிச்சிருக்கிறபடி. குட்மார்னிங் பூக்களையும் தங்க விலையையும் மட்டும் எடுத்துவிட்டேன்.)

வெள்ளி

வடசேரி மாமா, காலை 6:10
எல்லாருக்கும் வணக்கம். நம்ம தெரு வாசகசாலையில மாசாமாசம் ஊர் வரலாறு பேச ஏற்பாடு பண்ணியிருக்காவ. முதல் பேச்சு நான். ஞாயிறு சாயங்காலம் 5 மணி. தலைப்பு "நாகர்கோவிலை வளர்த்த வள்ளல்கள்". அரை மணிக்கூர் தருவாவ. யாரையெல்லாம் சொல்லணும்னு நினைக்கியோ, எழுதுங்க.

வடசேரி மாமி, 6:14
அரை மணிக்கூரா? இவியளுக்குத் தொண்டையைச் செருமவே அது போதாதே.

துபாய் அத்தான், 6:52
நம்ம மணிக்கூண்டு, மணிமேடையில தொடங்குங்க மாமா. திருவிதாங்கூர் மூலம் திருநாள் மகாராஜா வந்த ஞாபகமா எழுப்பி, 1893-ல திறந்தது. வெளியூர்ல இருந்து பஸ்ல வந்து இறங்குறவன் முதல்ல கேக்கது மணிமேடை எங்கன்னுதான்.

சென்னை தம்பி, 8:05
மணிமேடைக்கு ஆன செலவு முழுசும் ராசா குடுக்கல அத்தான். அவரு குடுத்தது ஒரு பங்கு. மிச்சம் ஊர்ல பிரிச்சது. மேல ஓடுற மணி லண்டன் மிஷன் பாதிரியார் டதி ஐயர் குடுத்தது. பேரு மட்டும் ராசாவுக்கு.

துபாய் அத்தான், 8:11
அந்த ஒரு பங்காவது நீ குடுப்பியாடே?

சென்னை தம்பி, 8:12
வரி போடுற அதிகாரத்தைக் குடுங்க. நானும் குடுக்கேன். தலைக்கு வரி, பனைக்கு வரி, அதுக்கு மேல கூலியில்லாத ஊழிய வேலை. அப்படிச் சேத்ததுல இருந்து எடுத்துக் குடுத்தா வள்ளலா?

இறச்சகுளம் பெரியப்பா, 8:31
எடே மக்கா, எடுத்தெறிஞ்சு பேசாதே. நான் இப்ப வயல்லதான் நிக்கேன். கன்னிப்பூ நடவு. மடையில வாறது பேச்சிப்பாறைத் தண்ணி. 1897-ல தொடங்கி 1906-ல முடிச்ச அணை. உனக்குப் பிடிக்காத அதே மூலம் திருநாள் காலத்துலதான்.

இறச்சகுளம் பெரியப்பா, 8:34
அதைக் கெட்டுன என்ஜினீயர் மிஞ்சின் துரை. சொந்த ஊருக்குத் திரும்பிப் போகல. செத்த பெறகு அணைப்பக்கத்துலயே அடக்கம். வடசேரி வாத்தியாரு அவரைச் சொல்லலேன்னா கூட்டத்துல எந்திரிச்சுக் கேப்பேன். இப்பவே சொல்லிட்டேன்.

வடசேரி மாமா, 8:40
சொல்லுகேன் அத்தான். எந்திரிக்க வேண்டாம்.

மாமா வீட்டுப் பாப்பா, 9:02
பஸ்ல இருந்து டைப் பண்ணுகேன், தப்பு இருந்தா கண்டுக்காதீங்க. இறச்சகுளத்து மாமா, பேச்சிப்பாறைக்கு எத்தனையோ நூறு வருஷம் முன்னாடியே நமக்குத் தண்ணி உண்டு. பறளியாத்தை மறிச்சுப் பாண்டியன் அணை. அங்க இருந்து பாறையை வெட்டி வாய்க்கால் எடுத்துப் பழையாத்துல கொண்டு சேத்திருக்காவ. நாஞ்சில் நாட்டு நெல்லுக்கு அஸ்திவாரமே அந்த வெட்டுதான். ஒரு ஆத்துத் தண்ணியை மலை தாண்டி இன்னொரு ஆத்துல விட்ட வேலை. டைனமைட் கிடையாது, உளியும் கையும்தான்.

சென்னை தம்பி, 9:06
பாண்டிய ராசா வெட்டுனதுன்னு சொல்லுவாவ. அவன் மம்பட்டியைத் தொட்டிருக்கவே மாட்டான்.

வடசேரி மாமி, 9:09
அப்ப எல்லாரையும் விட்டுட்டு மம்பட்டியைப் பத்திப் பேசட்டும்.

நான், 9:30
குடிதண்ணியையும் சேத்துக்கிடுங்க மாமா. முக்கடல் அணை சித்திரைத் திருநாள் மகாராஜா காலத்துல வந்தது. அந்தத் தண்ணி கிருஷ்ணன்கோவிலுக்கு வந்து சுத்தமாகித்தான் நம்ம தெருக் குழாய்க்கு வருது.

துபாய் அத்தான், 9:33
வருதா?

நான், 9:33
வரும்போது வருது.

நெய்யூர் சித்தி, மதியம் 1:15
இப்பதான் பாக்கேன். அண்ணே, நாகர்கோவில்னா நாகர்கோவில் மட்டுந்தானா? நெய்யூரை விட்டுட்டா எப்பிடி? டாக்டர் ராம்சே அங்க வைத்தியம் தொடங்குனது 1838. அண்ணைக்கு நாகர்கோவில்காரனும் வில்வண்டி கெட்டி நெய்யூருக்குத்தான் வரணும்.

நெய்யூர் சித்தி, 1:22
சாமர்வெல் டாக்டரை ஒரு வரி சொல்லிட்டுப் போயிராதீங்க. 1922-ல எவரெஸ்ட் ஏறப் போனவரு. திரும்புற வழியில ஊர் சுத்திப் பாத்துக்கிட்டு நெய்யூர் வந்திருக்காவ. ஆஸ்பத்திரியில ஒரே ஒரு சர்ஜன், வாசல்ல கண்ணுக்கு எட்டுன மட்டும் ஆளு. லண்டன்ல பெரிய ஆஸ்பத்திரியில உத்தியோகம் காத்துக்கிட்டு இருந்தது. அதை வேண்டாம்னுட்டு இங்க வந்தாவ. 1924-ல மறுபடி எவரெஸ்ட். மேல குளிர்ல தொண்டைக்குள்ள சதை செத்து அடைச்சு, மூச்சு முட்டிப் பனியில உக்காந்துட்டாவ. முடிஞ்சதுன்னு நினைச்சு, கடைசியா ரெண்டு கையாலயும் தன் நெஞ்சை அமுக்கித் தள்ளினதுல அது ரத்தத்தோட வெளிய வந்து விழுந்திருக்கு. எந்திரிச்சு இறங்கி வந்துட்டாவ. வந்து நம்ம ஆளுகளுக்கு வயித்துப் புண் ஆபரேஷன்.

வடசேரி மாமி, 1:25
தொண்டையைச் செருமுறதுன்னா அது செருமல்.

நெய்யூர் சித்தி, 1:31
இன்னொண்ணு. எல்லாரும் ஆம்பளையளையே சொல்லுகிய. மார்த்தா மால்ட் அம்மா 1819-ல நாகர்கோவில்ல பொம்பளப் பிள்ளையளுக்குப் பள்ளிக்கூடம் வச்சாவ. அதுதான் இன்னைக்கு டதி ஸ்கூல். லேஸ் பின்னச் சொல்லிக் குடுத்ததும் அவியதான். எங்க மாமியார் பின்னுறதைப் பக்கத்துல இருந்து பாத்திருக்கேன். மடியில உருட்டுத் தலையணை. அதுல காகித வரைபடத்தைக் குத்தி, புள்ளிக்கு ஒரு குண்டூசி. நூல் சுத்துன குச்சிகள் சரம் சரமா தொங்கும். ரெண்டு கையும் அதுகளை மாத்தி மாத்திப் போடும். கண்ணு நம்மைப் பாத்துக் கதை பேசும். குச்சிகள் ஒண்ணோட ஒண்ணு முட்டுற சத்தம் மட்டும் நிக்காது.

மாமா வீட்டுப் பாப்பா, 1:40
ஆமா அத்தை. அப்ப திருவிதாங்கூர்ல அடிமை முறை இருந்த காலம். 1855-லதான் ஒழிச்சாவ. அடிமையா இருந்த சில பிள்ளைக லேஸ் பின்னிச் சம்பாதிச்ச காசுல தன்னைத் தானே மீட்டிருக்காவ. இதுல வள்ளல் யாரு? சொல்லிக் குடுத்த அம்மாவா, பின்னுன பிள்ளையா?

சென்னை தம்பி, 1:44
இதைத்தான் காலையில இருந்து சொல்லுகேன்.

மாமா வீட்டுப் பாப்பா, 1:47
நீங்க சொன்னது வேற. நீங்க ராசா வேண்டாம், மிஷன் போதும்னு நிக்கிய. மிஷன் பள்ளிக்கூடத்துக்கு வயல் வாங்கப் பணம் குடுத்ததே அப்ப இருந்த ராணிதான். வெள்ளைக்கார ரெசிடெண்ட் மன்றோ துரை சொல்லிக் குடுத்தாவ. அந்த வயல்ல விளைஞ்சதுலதான் பிள்ளைய படிச்சது. ஒண்ணை இழுத்தா இன்னொண்ணும் கூடவே வருது.

(தம்பி இதுக்குப் பதில் போடவில்லை. ஒரு மணி நேரம் கழித்து ஒரு கிரிக்கெட் மீம் மட்டும் வந்தது. எங்க வீட்டில் அதுக்கு ஒப்புக்கொண்டதாக அர்த்தம்.)

துபாய் அத்தான், 4:20
ஸ்காட் காலேஜைச் சொல்லலாம்லா? டிகிரி முடிச்சு வெளிய வாறது வரைக்கும் எனக்கு ஸ்காட் யாருன்னே தெரியாது.

வடசேரி மாமா, 4:26
செப்டிமஸ் ஸ்காட். கட்டடத்துக்குப் பணம் குடுத்தவர். அது காலேஜ் ஆனது 1893. ஆனா விதை போட்டது ரிங்கல்தௌபே ஐயர், 1809-ல மயிலாடியில. பெறகு மீட் ஐயர் நாகர்கோவிலுக்குக் கொண்டு வந்தாவ.

வடசேரி மாமி, 4:30
கலைவாணரை ஒருத்தரும் சொல்லல. ஒழுகினசேரிக்காரன் காதுல விழுந்தா வீட்டு முன்னால வந்து நிப்பான். காந்தி செத்தப்ப கைக்காசு போட்டு நம்ம ஊர்ல நினைவுத்தூண் எழுப்பின மனுஷன். கையில இருக்கது வரைக்கும் குடுத்து, இல்லாதப்ப கடன் வாங்கிக் குடுத்தவரு. 1957-ல போறப்ப 48 வயசுதான். ராசா குடுத்தா மீதி இருக்கும். இவருகிட்ட மீதி இல்ல.

இறச்சகுளம் பெரியப்பா, 4:41
கொள்ளாம் பிள்ளே. நல்லாச் சொன்ன.

நான், 6:05
காசு குடுத்தவியளை மட்டுந்தான் சொல்லணுமா மாமா? அய்யா வைகுண்டர் சாமிதோப்புல முத்திரிக் கிணறு வச்சாரு. எல்லா சாதியும் ஒரே கிணத்துல தண்ணி எடுக்கணும்னு. அது ஊருக்குக் குடுத்தது இல்லையா? டாக்டர் எம்.இ. நாயுடு சுசீந்திரத்துல 1926-ல போராட்டம் நடத்துனது கோயில் சுத்துன தெருவுல எல்லாரும் நடக்கணும்னுதான். நடக்க விடாத தெருவை நடக்க வச்சது எந்தத் தானத்துல சேரும்?

வடசேரி மாமா, 6:20
நான் இப்ப எழுதி வச்சிருக்கது 14 பேரு. அரை மணிக்கூர்ல ஆளுக்கு ரெண்டு நிமிஷம். இது பேச்சு இல்ல, வாக்காளர் பட்டியல்.

சனி

வடசேரி மாமி, காலை 7:48
குரல் பதிவு (1:52)

துபாய் அத்தான், 7:55
டூட்டியில இருக்கேன். என்ன சொல்லுகாவ?

நான், 8:10
மாமி சொன்னதை அப்படியே எழுதுகேன்:

"ராத்திரி பூரா இவிய தாளும் பேனாவுமா முழிச்சிருந்தாவ. நான் ஒண்ணு கேக்கேன். நம்ம தெரு முக்குல டீக்கடை பக்கத்துல சுமைதாங்கி நிக்குல்லா? அது யாரு வச்சது? எங்க அம்மை புத்தேரியில இருந்து கடவத்துல கீரையும் கத்திரிக்காயும் சுமந்து கனகமூலம் சந்தைக்கு வருவா. தலைச்சுமையை ஒத்தைக்கு இறக்கினா மறுபடி தூக்கி விட ஆளு வேணும். சுமைதாங்கின்னா ஆளு வேண்டாம். தலை உயரத்துக்குக் கல்லு. கழுத்தைச் சாச்சு அப்படியே நகத்தி வச்சிட்டு, சும்மாட்டை உதறி முகத்தைத் துடைச்சு, ஒரு வெத்தலை போட்டுட்டு, திரும்ப அதே மாதிரி தலையைக் குடுத்து எடுத்துக்கிடலாம். ஒருத்தன்கிட்டயும் 'கொஞ்சம் பிடி'ன்னு கேக்க வேண்டாம். வயித்துப் பிள்ளையோட செத்துப் போன பொண்ணுக்காக வீட்டுக்காரங்க நட்டு வைக்கது. அவ இறக்காமப் போன சுமையை ஊரு இறக்கட்டும்னு. ரோட்டை ஏத்தி ஏத்தி இப்ப அது முட்டு உயரத்துக்கு வந்துட்டு. பைக்கு சாத்தி வைக்கானுவ. நீங்க மிஞ்சினையும் மன்றோவையும் சொல்லுங்க, வேண்டாங்கல. இவ பேரு என்னன்னு யாருக்காவது தெரியுமா?"

(கொஞ்ச நேரம் குழுவில் சத்தமே இல்லை.)

நெய்யூர் சித்தி, 8:32
மைனி, தக்கலை ரோட்டுலயும் ஒண்ணு நின்னது. அகலப்படுத்துறப்ப எடுத்துப் போட்டாவ. பெறகு எங்க போச்சுன்னு தெரியல.

வடசேரி மாமா, 8:40
பாப்பா இப்பவே துடைப்பமும் வாளியும் எடுத்துட்டுப் போயிருக்கா. நானும் போறேன்.

மாமா வீட்டுப் பாப்பா, 9:25
படம்
படம்
தேங்காச் சவுரியால தேய்ச்சோம். மேல ரெண்டு கட்சி போஸ்டர், அதுக்குக் கீழ டியூஷன் விளம்பரம், அதுக்குக் கீழ சுண்ணாம்பு. கோதுமை மாவு பூசித் துடைச்சதும் எழுத்து கொஞ்சம் எழும்புது. "கொல்லம் 108"ன்னு இருக்கு. கடைசி எண் உடைஞ்சு போச்சு.

சென்னை தம்பி, 9:31
கொல்லம் ஆண்டு 1080-ன்னா, இங்கிலீஷ் வருஷத்துக்கு 825 கூட்டு. 1905. 1089 வரைக்கும் போனா 1914. பேச்சிப்பாறை முடிஞ்சதை ஒட்டின வருஷங்க.

இறச்சகுளம் பெரியப்பா, 9:36
அடுத்த வரியில என்ன இருக்கு பிள்ளே?

மாமா வீட்டுப் பாப்பா, 9:41
"மகள்"னு தெரியுது. அதுக்குப் பெறகு பேரு வரணும். பேரு இருக்க இடத்துல யாரோ கேபிள் குழாய்க்கு ஓட்டை போட்டு கிளாம்பு அடிச்சிருக்கான். கடைசியில ஒரு "ள்" மட்டும் மிச்சம்.

சென்னை தம்பி, 9:43
வள்ளியம்மாள், இசக்கியம்மாள், பகவதியம்மாள், மரியம்மாள். எதுவும் ஆகலாம்.

துபாய் அத்தான், 9:50
கேபிள்காரனை ஏசிட்டுத்தான் விடணும்.

வடசேரி மாமி, 9:52
அந்தக் கேபிள்லதான் நீங்க அனுப்புன டிவி ஓடுது.

வடசேரி மாமா, 10:30
தலைப்பை மாத்தச் சொல்லிட்டேன். வாசகசாலைக்குள்ள இல்ல, சுமைதாங்கி பக்கத்துல டீக்கடைத் திண்ணையில கூட்டம். அதுல தொடங்கி, பாண்டியன் கால், பேச்சிப்பாறை, முக்கடல். இறக்கி வச்ச சுமையும் வந்த தண்ணியும் மட்டும். மிச்சம் பேரு எல்லாம் அடுத்தடுத்த மாசம்.

இறச்சகுளம் பெரியப்பா, 10:33
மிஞ்சின்?

வடசேரி மாமா, 10:33
உண்டு அத்தான், உண்டு.

ஞாயிறு

துபாய் அத்தான், மாலை 6:45
என்னாச்சு? லைவ் போடுகேன்னு சொன்னிய, படம் கரகரன்னு நின்னுட்டு.

நான், 6:58
மாமா ஒரு மணிக்கூர் பத்து நிமிஷம் பேசினாவ. ரசவடை வர லேட்டு, அதனால ஒருத்தரும் எந்திரிக்கல. மிஞ்சின் பேரு வந்ததும் பெரியப்பா கைதட்டினாவ, அவிய மட்டும். பெறகு பின்னால நின்ன ஒரு ஆட்டோக்காரர், "எங்க ஊர்லயும் இப்படிக் கல்லு ஒண்ணு இருக்கு, பேரு முழுசாத் தெரியும், வந்து பாக்கியளா"ன்னு கேட்டாரு.

துபாய் அத்தான், 7:01
எந்த ஊராம்?

மாமா வீட்டுப் பாப்பா, 7:04
இரணியல் பக்கம். செவ்வாய்க்கிழமை காலேஜ் லீவு, நான் போறேன். மாவு, சவுரி, வாளி நான் எடுத்துக்கிடுதேன். வண்டி யாரு தருவா?

சென்னை தம்பி, 7:05
பெரியப்பா ஸ்கூட்டர் சும்மாதானே நிக்கு.

இறச்சகுளம் பெரியப்பா, 7:09
பெட்ரோல் யாரு உபயம்?