கூட்டு மருந்துச் சோதனையில் சேர்வது குறித்து விவரம் வேண்டும்
அனைவருக்கும் வணக்கம். மண்டபத்தில் வசிக்கும் எங்கள் சின்னம்மாவுக்கு எலும்பு வரை பரவிய மார்பகப் புற்றுநோயை இதுவரை அடக்கி வைத்திருந்த லெட்ரோசோல் மாத்திரை இப்போது பயன் தரவில்லை என்று ஸ்கேன் காட்டுகிறது. இந்நிலையில் எக்ஸிமெஸ்டேன் என்ற மாத்திரையுடன் எவரோலிமஸ் என்ற மருந்தையும் சேர்ப்பது நோய் முற்றுவதைத் தள்ளிப்போடும் என்று 2012-இல் வெளியான பொலேரோ-2 ஆய்வும், புற்றுநோய்க் கட்டியில் பிக்3சிஏ (PIK3CA) என்ற மரபணுவில் மாற்றம் உள்ளவர்களுக்கு ஃபுல்வெஸ்ட்ரண்ட் என்ற ஊசி மருந்துடன் அல்பெலிசிப் என்ற மாத்திரை உதவும் என்று 2019-இல் வெளியான சோலார்-1 ஆய்வும் காட்டியுள்ளன. ஆனால் அல்பெலிசிப் இரத்தச் சர்க்கரையை ஏற்றக்கூடியது. சின்னம்மாவுக்கோ சர்க்கரை நோய் உண்டு (எங்கள் குடும்பத்தில் அது இல்லாதவர் அரிது). மதுரையிலோ சென்னையிலோ இத்தகைய கூட்டு மருந்துச் சோதனைகளில் சேர்ந்தவர்கள் இங்கு இருந்தால், மரபணுப் பரிசோதனைச் செலவை யார் ஏற்றார்கள், சர்க்கரை நோயாளிகளைச் சேர்த்துக்கொண்டார்களா, இடைப்பட்ட இரத்தப் பரிசோதனைகளை இராமநாதபுரத்திலேயே செய்துகொள்ள அனுமதித்தார்களா என்பதைத் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.