செவக்காட்டில் சீனியவரையை விதைக்காகப் போடலாமா? குவார் கம் மில், விலை விவரம் வேண்டும்

நாங்குநேரி_செவக்காடு:
நாங்குநேரிக்குத் தெக்கே மூணு ஏக்கர் செவக்காடு. கிணத்துத் தண்ணி மாசி வரைக்கும் தாங்கும். சீனியவரையை (கொத்தவரை) காய்க்குப் போட்டால் பறிப்புக் கூலியே விலையைத் தின்னுடுது. நெத்தா விட்டு விதையை எடுத்து, அதிலிருந்து குவார் கம்ங்கிற கோந்து எடுக்கிற மில்லுக்குக் கொடுத்தால் நல்ல காசுன்னு வீடியோவில் சொல்றாங்க. நம்ம பக்கம் எந்தப் பட்டம், என்ன ரகம், ஏக்கருக்கு எவ்வளவு காணும்? பக்கத்து ஊர் பருப்பு மில்லிலேயே உடைச்சுக் கோந்து எடுக்க முடியுமா? விவரம் தெரிஞ்ச அண்ணாச்சிமார் சொல்லுங்க.

ராதாபுரம்_மானாவாரி:
தம்பி, முதலில் பட்டத்தைப் பாருங்க. விதைக்குப் போடும்போது காயை விட நெத்துக்குத்தான் பயம். முற்றிய நெத்தில் மழை பட்டால் விதை கறுக்கும், முளைப்பும் போகும், மில்காரர் விலையைக் குறைப்பார். ராஜஸ்தானில் ஜூலை மழைக்கு விதைத்து அக்டோபர், நவம்பர் வெயிலில் அறுக்கிறார்கள். அதைப் பார்த்து நாமும் ஆடியில் போட்டால் நெத்து முற்றுகிற நேரம் ஐப்பசி அடைமழை. நமக்கு ஐப்பசி பிறந்ததும் விதைப்பதுதான் சரி. மழையில் செடி வளரும், தை கடைசியில் காய்ந்த வெயிலில் அறுப்பு வரும். 95 முதல் 110 நாள் பயிர்.

தண்ணீர் தேங்கக் கூடாது. ஒரு நாள் முழுக்க வேர் தண்ணீரில் நின்றால் இலை மஞ்சளாகி வேர் அழுக ஆரம்பிக்கும். 45 சென்டிமீட்டருக்கு ஒரு பார் பிடித்து, பாரின் பக்கவாட்டில் 15 சென்டிமீட்டருக்கு ஒரு விதை, 2 முதல் 3 சென்டிமீட்டர் ஆழம். அதற்கு மேல் ஆழம் போனால், மழை அடித்து இறுகிய செவல் மண்ணை முளை முட்டிக்கொண்டு வராது. ஏக்கருக்கு 4 கிலோ விதை போதும்.

விதை நேர்த்தியைத் தள்ளிப்போடாதீங்க. மழைக்காலச் சீனியவரையை அழிப்பது பாக்டீரியா இலைக் கருகல். இலை நரம்புகளுக்கு நடுவே தண்ணீர் ஊறியது போல் புள்ளி விழும், பிறகு கறுக்கும், தண்டில் கறுப்புக் கோடு ஓடிச் செடி முறியும். நோய் விதையோடு வருவதால் வந்தபின் தெளிக்கும் மருந்துக்குப் பலன் கம்மி. 56 டிகிரி வெந்நீரில் சரியாகப் பத்து நிமிடம் விதையை வைத்து, உடனே குளிர்ந்த நீரில் போட்டு, நிழலில் உலர்த்தணும். தெர்மாமீட்டர் இல்லாமல் கைச்சூட்டில் பார்க்க வேண்டாம், இரண்டு மூன்று டிகிரி கூடினாலே முளைப்பு போய்விடும். உலர்ந்தபின் ஒரு பொட்டலம், அதாவது 200 கிராம் ரைசோபியத்தை (வேர் முடிச்சு நுண்ணுயிர் உரம்) ஆறிய வடிகஞ்சியில் குழைத்துப் புரட்டி, அரை மணி நேரம் நிழலில் வைத்து அன்றே விதைத்துவிடணும்.

அடியுரமாக ஏக்கருக்கு 35 கிலோ டிஏபி. அதற்கு மேல் யூரியா வேண்டாம், போட்டால் இலையாகப் போகும், காய் பிடிக்காது. களை 20 முதல் 25 நாளில் ஒன்று, 40 நாளில் ஒன்று. மழை விட்டால் பூக்கும்போது ஒரு தண்ணீர், காய் பால் பிடிக்கும்போது ஒரு தண்ணீர். சாம்பல் நோய் கண்டால் நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம்.

ரகம்: கடையில் கிடைக்கும் பூசா நவ்பகார், மதுரை 1 எல்லாம் காய்க்கு உள்ளவை. கோந்துக்கு என்றால் துர்காபுராவின் ஆர்ஜிசி 936, 1003, ஹிசாரின் ஹெச்ஜி 365 போன்றவை. 80 சதம் நெத்து வைக்கோல் நிறத்துக்கு வந்ததும் அறுத்து, களத்தில் நாலைந்து நாள் காயப்போட்டு அடிக்கலாம். நெத்து எளிதில் வெடித்துச் சிதறாது, அந்த வகையில் நிம்மதி.

மகசூலைக் கூட்டிச் சொல்ல மாட்டேன். வடக்கே மானாவாரியில் ஏக்கருக்கு இரண்டு குவிண்டால்தான். தண்ணீர் பாய்ச்சி, நோய் வராமல் காத்தால் ஐந்து, ஆறு வரலாம்.

அரவைமில்:
பருப்பு மில் கேள்விக்கு மட்டும் சொல்கிறேன். முடியாது. துவரையில் தோலை எடுத்தால் உள்ளே இருப்பதுதான் சரக்கு. சீனியவரை விதையில் சரக்கு நடுவில் இருக்கிறது. வெளியே தோல் சுமார் 15 சதம், நட்டநடுவே முளைக்கரு 45 சதம் போல, இரண்டுக்கும் இடையில் கண்ணாடி மாதிரி கடினமான வெண்பகுதி 35 முதல் 40 சதம். கோந்து அந்த வெண்பகுதியில் மட்டும்தான்.

முதலில் கல், தூசி, கறுத்த விதை நீக்கணும். அடுத்து உரசு மில்லில் விதையை இரண்டாகப் பிளப்பார்கள். கரு மென்மையானது, பொடியாக உதிரும், வெண்பகுதி உடையாமல் நிற்கும், சல்லடையில் பிரித்துவிடலாம். பிறகு அந்தப் பிளவைச் சூடாக்கித் தோலைத் தளர்த்தி, உரித்து, மறுபடி சலித்து, மெருகேற்றணும். இந்தச் சூட்டில்தான் பலர் கெடுக்கிறார்கள். குறைந்தால் தோல் ஒட்டிக்கொண்டு மாவு கறுப்புப் புள்ளியோடு வரும். கூடினால் பிளவு பழுப்பேறிக் கொழகொழப்பு இறங்கிவிடும். 100 கிலோ விதைக்கு 28 முதல் 30 கிலோ சுத்தப் பிளவு வந்தால் நல்ல மில்.

அதோடு வேலை முடியாது. பிளவைத் தண்ணீரில் ஊறவைத்து, உருளையில் தட்டி, வெப்பக்காற்றோடு அரைத்து, 200 மெஷ் சல்லடையில் எடுக்கணும். ஒரு சதக் கரைசலின் பிசுபிசுப்பை புரூக்ஃபீல்டு கருவியில் 25 டிகிரியில் அளந்து 3500 சிபிஎஸ், 5000 சிபிஎஸ் (பிசுபிசுப்பு அளவு) என்று தரம் பிரித்துத்தான் விற்பனை. ஐரோப்பாவுக்குப் போகும் சரக்கில் 2007இல் பென்டாகுளோரோபீனால் என்ற நச்சு ரசாயனம் கண்டுபிடிக்கப்பட்ட பிறகு, அது கிலோவுக்கு 0.01 மில்லிகிராமுக்கு மேல் இல்லை என்ற ஆய்வுச் சான்றும் வேண்டும். ஊர் மில்லில் நடக்கிற காரியம் இல்லை தம்பி.

கமிஷன்கடை:
வீடியோக்காரர்கள் சொல்லும் விலை 2012 விலை. அமெரிக்காவில் பாறையைப் பிளந்து எண்ணெய் எடுக்கும் ஷேல் கிணறுகள் பெருகி, எண்ணெய்க் கம்பெனிகள் குவார் கம்மை வாரிக்கொண்டு போன நேரம் அது. விதை குவிண்டால் 30,000 ரூபாயையும் கோந்து ஒரு லட்சத்தையும் நெருங்கியது. அந்த மார்ச்சில் முன்பேர வணிகத்தையே நிறுத்தினார்கள், 2013 மே மாதம்தான் மறுபடி திறந்தது. கண்டவர்கள் எல்லாம் விதைத்தார்கள், அங்கே கிணறுகளிலும் மாற்று ரசாயனம் வந்தது, விலை விழுந்தது. இப்போது சில வருடமாக விதை 5,000 ரூபாயைச் சுற்றித்தான் ஓடுகிறது.

வாங்குகிற மில்கள் ஜோத்பூர், ஸ்ரீகங்காநகர், சிர்சா பக்கம். இங்கிருந்து 2,000 கிலோமீட்டருக்கு மேல். 16 டன் லாரி நிறைந்தால்தான் வாடகை கட்டும். ஏக்கருக்கு ஆறு குவிண்டால் கண்டாலும் ஒரு லாரிக்கு 27 ஏக்கர் வேண்டும், மானாவாரி என்றால் 80 ஏக்கர். மூன்று ஏக்கர்க்காரர் தனியாக இதில் இறங்கினால் சரக்கு வீட்டில்தான் கிடக்கும். அங்கே ஜூலையில் நல்ல மழை என்று செய்தி வந்தாலே விலை இறங்கும், அது நம்ம கையில் இல்லை.

நாங்குநேரி_செவக்காடு:
கணக்கு இப்போதான் புரியுது அண்ணாச்சி. கோந்து போக மிச்சம் வரும் கருத்தூளை மாட்டுக்குப் போடலாம்னு சொல்றாங்களே, அப்போ முழு விதையையே உடைச்சு ஆடு மாட்டுக்குக் கொடுத்தா என்ன? இங்கே தறிக்காரங்க, சாயக்காரங்க யாரும் கோந்தை வாங்க மாட்டாங்களா?

சாயப்பட்டறை:
தீவனத்துக்கு: அந்தத் தூளுக்கு வடக்கே கோர்மா என்று பெயர், புரதம் 50 சதத்துக்கு மேல். பச்சையாகக் கசக்கும், வறுத்ததை மாட்டுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கணும். முழு விதையை உடைத்துப் போடாதீங்க. கோந்து உள்ளேயே இருப்பதால் தண்ணீர் பட்டதும் கூழாகும். கோழிக்கு எச்சம் ஒட்டும், வளர்ச்சியும் குறையும்.

சாயத்துக்கு: பருத்தியில் ரியாக்டிவ் சாயம் அச்சிட குவார் கம் ஆகாது. சாயம் துணியைப் பிடிப்பது போலவே கோந்தையும் பிடித்துக்கொள்ளும், அலசினாலும் போகாது, துணி விறைக்கும். அதற்குக் கடற்பாசிக் கோந்தான ஆல்ஜினேட்தான். பாலியஸ்டரில் டிஸ்பர்ஸ் சாயத்துக்கு குவார் கம் நன்றாக வேலை செய்யும். சங்கரன்கோவில் பக்கம் தறிக்குப் பாவுக்கஞ்சியில் கொஞ்சம் சேர்க்கலாம், ஆனால் அவர்கள் கேட்பது பாக்கெட் மாவு, விதை இல்லை.

மாவு வாங்கிப் பயன்படுத்துபவர்களுக்கு ஒன்று: தண்ணீரில் மொத்தமாகக் கொட்டக் கூடாது. வேகாத கொழுக்கட்டை மாதிரி வெளியே கூழும் உள்ளே உலர்ந்த மாவுமாகக் கட்டி நிற்கும், அப்புறம் எவ்வளவு கலக்கினாலும் உடையாது. ஐஸ்கிரீம் போடுகிறவர்கள் கிலோவுக்கு 2 முதல் 3 கிராம் எடுத்து, பத்து மடங்கு சர்க்கரையோடு உலர்வாகக் கலந்து, சுழலும் பாலில் தூவணும்.

எண்ணெய்க் கிணற்றிலும் ஆயிரம் லிட்டருக்கு 2.5 முதல் 5 கிலோதான். காரத்தன்மையை pH 9க்கு மேல் ஏற்றிப் போரேட் சேர்த்தால் ஜெல்லாகி மணலைத் தாங்கிப் பாறைப் பிளவுக்குள் கொண்டுபோகும், பிறகு நொதி விட்டு ஜெல்லை உடைத்து வெளியே எடுப்பார்கள்.

ராதாபுரம்_மானாவாரி:
அப்போ தம்பி, மூணு ஏக்கரையும் இதில் போடாதீங்க. இந்த ஐப்பசிக்கு 25 சென்டில் மட்டும் மதுரை 1 அல்லது பூசா நவ்பகாரைப் போடுங்க. முதல் நாலு பறிப்பைக் காயாக விற்றுவிட்டு, நோயில்லாத செடிகளுக்கு அடையாளமாக நூல் கட்டி, அதில் வரும் நெத்தை மட்டும் விதைக்கு விடுங்க. காய்கறி விதையாகப் பக்கத்துச் சம்சாரிகளுக்குக் கொடுத்தால் மில் விலையை விடப் பல மடங்கு கிடைக்கும், லாரியும் வேண்டாம். ஈரம் 9 சதத்துக்கு இறங்கும்வரை காயவைத்து, சாம்பல் கலந்து மூடி வையுங்க. மிச்ச நிலத்துக்கு உளுந்து போதும்.

மண் ரொம்ப மெலிந்த துண்டு ஏதாவது இருந்தால் அதில் சீனியவரையை நெருக்க விதைத்து, 45ஆம் நாள் பூ வந்ததும் பசுந்தாள் உரமாக மடக்கி உழுதுவிடுங்க.