குடும்பக் குழுவில் தூக்கப் பேச்சு

சித்தப்பா: [பகிரப்பட்டது] எட்டு மணி நேரம் தூங்காதவர்களின் மூளை தன்னைத்தானே தின்றுவிடும்!! உடனே பத்துப் பேருக்கு அனுப்பவும் 🙏

பெரியத்தை: இதை ராத்திரி 3 மணிக்குப் படித்தேன் தம்பி. இருந்த கொஞ்சநஞ்சத் தூக்கமும் போச்சு.

கவிதா: சித்தப்பா, முதலில் அதை அழித்துவிடுங்கள். பயமுறுத்தி யாரையும் தூங்கவைக்க முடியாது.

பெரியத்தை: கவிதா, நீ உளவியல் படித்தவள், சொல்லு. தினமும் 3 மணிக்கு டாண் என்று விழிப்பு வருகிறது. மணியைப் பார்ப்பேன். இப்போது தூங்கினால் 3 மணி நேரம், இப்போது தூங்கினால் இரண்டரை என்று கணக்குப் போட்டே விடிந்துவிடுகிறது.

அருண்: கணக்கு என்றாலே எனக்குத் தூக்கம் வரும். அத்தைக்கு மட்டும் எப்படி? 😄

கவிதா: நடுவில் விழிப்பது இயல்புதான் அத்தை. தூக்கம் ஏறக்குறைய 90 நிமிடச் சுற்றுகளாக வரும். இடையிடையே எல்லோரும் லேசாக விழிக்கிறோம், காலையில் அது நினைவில் இருப்பதில்லை. விடியல் நெருங்க நெருங்க ஆழ்ந்த தூக்கமும் குறைவு. உங்களை மறுபடி தூங்க விடாதது அந்தக் கணக்குதான். கடிகாரத்தைத் திருப்பி வையுங்கள்.

பெரியத்தை: கண்ணை இறுக்கி மூடி, "தூங்கு, தூங்கு" என்று சொல்லியும் பார்த்தேனே.

கவிதா: அதுதான் வம்பு. டேனியல் வெக்னர் என்ற உளவியலாளர் 1987இல் ஒரு சோதனையை வெளியிட்டார். வெள்ளைக் கரடியை நினைக்கக் கூடாது, நினைத்தால் மணியை அடிக்க வேண்டும். மணி ஓயவில்லை. நினைக்கிறோமா என்று மனம் தன்னையே சோதித்துக்கொண்டிருக்கும் அல்லவா? தூக்கம் வந்துவிட்டதா என்று பார்ப்பதும் அதே மாதிரிதான். அதைப் பார்க்க ஒரு காவல்காரன் விழித்திருக்க வேண்டும்.

சித்தப்பா: இப்போது எனக்குக் கரடிதான் தெரிகிறது.

கவிதா: 😂 விக்டர் பிராங்க்ல் என்ற மனநல மருத்துவர் தலைகீழாகச் சொன்னார். இருட்டில் படுத்துக்கொண்டு, தூங்காமல் இருக்கப் பாருங்கள். தூங்கியே ஆக வேண்டும் என்ற பதற்றம் விட்டுப்போகும். அதுவும் சரிப்படவில்லையா, எழுந்து வேறு அறையில் மங்கலான விளக்கில் உட்காருங்கள். கண் சொக்கினால் மட்டும் படுக்கைக்குப் போங்கள். படுக்கையில் புரண்டுகொண்டே இருந்தால், படுக்கை என்றாலே விழிப்பு என்று உடம்பு பழகிவிடும். எத்தனை மணிக்குத் தூங்கினாலும் காலையில் ஒரே நேரத்துக்கு எழுந்துவிடுங்கள்.

அண்ணி: எனக்கு வேறு கதை. படுத்த உடனே நாளைய வேலையெல்லாம் வரிசைகட்டி நிற்கும்.

கவிதா: எழுதி வைத்துவிடுங்கள் அண்ணி. 2018இல் அமெரிக்காவின் பேய்லர் பல்கலைக்கழகத்தில் 57 பேரிடம் பார்த்திருக்கிறார்கள். படுக்கும்முன் 5 நிமிடம், பாதிப் பேர் செய்ய வேண்டிய வேலைகளை எழுதினார்கள், மீதிப் பேர் செய்து முடித்ததை. செய்ய வேண்டியதை எழுதியவர்கள் சுமார் 9 நிமிடம் முன்னதாகத் தூங்கினார்கள். சின்ன ஆய்வுதான், ஆனால் செய்து பார்ப்பதில் நஷ்டம் இல்லை.

சித்தப்பா: எனக்கு இந்தத் தொல்லையே கிடையாது. தலை சாய்த்தால் குறட்டைதான் 💪

சித்தி: அந்தக் குறட்டை நடுநடுவே நின்றுவிடுகிறது, கவிதா. மூச்சே இருக்காது. அப்புறம் திணறிக்கொண்டு மறுபடி ஆரம்பிக்கும். பகலில் உட்கார்ந்த இடத்திலேயே தூங்கி விழுகிறார்.

கவிதா: சித்தி, இதற்குப் பட்டியலும் கரடியும் உதவாது. தூக்கத்தில் மூச்சு தடைபடுகிறதோ என்று மருத்துவர் பார்க்க வேண்டும். தள்ளிப்போடாதீர்கள்.

சித்தப்பா: தூக்கம் வராத அக்காவை விட்டுவிட்டு, நன்றாகத் தூங்குகிறவனை மருத்துவரிடம் அனுப்புகிறாயே!

கவிதா: மூச்சு நிற்கும்போதெல்லாம் மூளை உங்களை நொடி நேரம் எழுப்பிவிடும், உங்களுக்கே தெரியாது. எத்தனை மணி நேரம் படுத்தாலும் அசதி போகாது. ரத்த அழுத்தமும் ஏறலாம். சித்தியையும் கூட்டிக்கொண்டு போங்கள், பார்த்தவர் அவர்தானே.

சித்தி: நேரம் வாங்கிவிட்டேன். வியாழக்கிழமை காலை 10 மணி.

சித்தப்பா: என்னைக் கேட்காமலேயா?

சித்தி: நீங்கள் தூங்கிக்கொண்டிருந்தீர்கள்.