தினமும் உடுத்த கில்ட்: எது வாங்கலாம்?

கேள்வி:
கிளாஸ்கோவில் இருக்கிறேன். நண்பன் கல்யாணத்துக்கு வாடகைக்கு எடுத்த கில்ட் (ஸ்காட்லாந்து ஆண்கள் உடுத்தும் மடிப்புப் பாவாடை) பிடித்துப்போய், இப்போது கடை கண்ணிக்கும் அதையே உடுத்த ஆசை. விலை கட்டுப்படியாகணும், சீக்கிரம் பாழாகவும் கூடாது. எடின்பரோவில் சுற்றுலாப் பயணிகள் மொய்க்கும் ராயல் மைல் தெருக் கடைகளில் மலிவாகத் தொங்குவதை வாங்கலாமா?

பதில்:
வேண்டாங்க. அங்கே மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் அக்ரிலிக் என்கிற செயற்கை இழை. உட்காரும் இடத்தில் சீக்கிரமே பஞ்சு உருண்டை உருண்டையாகத் திரளும், மடிப்பும் நிற்காது. நான் தினமும் போடுவது கஜத்துக்கு 13 அவுன்ஸ் எடையுள்ள கம்பளித் துணி, வாடகைக் கடையில் கழித்து விற்ற பழையது. தூறலில் நனைந்தால் உதறினால் போதும். எட்டு கஜத் துணியில் தைத்தது எதற்கு? ஐந்து கஜமே லேசாக இருக்கும். வாங்குமுன் இடுப்பில் மாட்டும் தோல் வாரைத் தைத்த இடத்தை இழுத்துப் பாருங்கள், பழசில் முதலில் விடுவது அதுதான். அப்புறம், ஜீன்ஸ் அளவைச் சொல்லாதீர்கள். தொப்புள் மட்டத்தில் நாடா வைத்து அளக்கணும்.

இன்னொருவர்:
வீட்டிலேயே துவைக்கணும் என்றால் பாலி-விஸ்கோஸ் (பாலியஸ்டரும் விஸ்கோஸும் கலந்த துணி). மடிப்புகளுக்கு நூலோட்டிவிட்டுத் துவையுங்கள்.

கேட்டவர்:
சரி, சனிக்கிழமை வாடகைக் கடைக்கே போகிறேன். ஸ்போரன் (கில்ட்டுக்கு முன்னால் தொங்கவிடும் பை) கட்டாவிட்டால் போனை எங்கே வைப்பது?

பதில்:
சட்டைப் பையில்தான். கெட்டிப் பருத்தியில் யுடிலிட்டி கில்ட் உண்டு, பக்கப் பையோடு வரும். எனக்கென்னவோ அது பிடிக்கவில்லை.