கரிசக்காட்டு வீடு: எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வாரம்

*செப்டம்பர் 5, சனிக்கிழமை*

நான் [காலை 7:10]: எல்லோருக்கும் வணக்கம். போன வருடம் எல்லாம் முடிந்த பிறகுதான் அண்ணன் போன் போட்டு, "முன்னாடியே சொல்லியிருந்தால் பிள்ளைகளைக் கூட்டி வந்திருப்பேனே" என்று வருத்தப்பட்டார். அதனால் இந்தத் தடவை இப்போதே சொல்கிறேன். வருகிற வெள்ளி, 11-ஆம் தேதி, பாரதி நினைவு நாள். 16 புதன்கிழமை இடைசெவல் ஊர் எழுத்தாளர் கி.ரா. (கி.ராஜநாராயணன்) பிறந்தநாள். சரியாக ஒரு வாரம் கழித்து 23 புதன் அதே ஊர் எழுத்தாளர் கு.அழகிரிசாமி பிறந்தநாள். 29 செவ்வாய் நம் ஊர்க் கோயில் திருவிழா, கொடை. அப்புறம் நவம்பர் 8 தீபாவளி அன்று எட்டயபுரத்தில் முத்துசுவாமி தீட்சிதர் நினைவு, தீபாவளி கழிந்து கழுகுமலை சூரசம்ஹாரம், டிசம்பர் 11 பாரதி பிறந்தநாள். எல்லாமே கோவில்பட்டியிலிருந்து ஒரே பஸ்ஸில் போய்வருகிற தூரம். யார் யார் எதற்கு வருகிறீர்கள்?

அண்ணன் (சென்னை) [7:42]: இதைத்தான் கேட்டேன். ஆனால் காலாண்டுப் பரீட்சை முடிந்து 26-ஆம் தேதிதான் பிள்ளைகளுக்கு லீவு. இடைசெவலுக்கு 27 ஞாயிறு போனால் ஆகாதா?

நான் [7:45]: தாராளமாகப் போகலாம் அண்ணா. 16 அன்று நானும் பெரியப்பாவும் போய் வந்துவிடுகிறோம். அன்றைக்குக் கோவில்பட்டி மணிமண்டபத்தில் கி.ரா.வுக்கு மாலை போடுவார்கள், ஊர்க்காரர்கள் கூடுவார்கள். பிள்ளைகளுக்கு ஒருவேளை கூட்டமில்லாத நாள்தான் நல்லது. தெருவில் நின்று நிதானமாகப் பார்க்கலாம்.

பெரியப்பா [8:20]: தாயி, அந்தப் பிள்ளைகளுக்கு ஒன்று சொல். இடைசெவல் சின்ன ஊர். திருநெல்வேலி ரோட்டில் போனால் கண்ணை மூடித் திறப்பதற்குள் தாண்டிவிடும். அந்த ஊரில் இரண்டு பையன்கள் சேர்ந்து வளர்ந்தார்கள். இரண்டு பேருமே சாகித்ய அகாதமி வாங்கினார்கள். அழகிரிசாமிக்கு 1970-ல் கொடுத்தார்கள், ஆனால் அவர் அந்த வருடம் ஜூலையிலேயே போய்விட்டார். 46 வயது. கி.ரா.வுக்கு 1991-ல். அவர் கிட்டத்தட்ட நூறு வரைக்கும் இருந்தார். சேர்ந்து சங்கீதம் கேட்டுத் திரிந்தவர்களில் ஒருவர் பாதியில் போக, மற்றவர் அரை நூற்றாண்டு அவரைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்.

மதினி [8:31]: பெரிய மாமா, அழகிரிசாமி கி.ரா.வுக்கு எழுதிய கடிதங்கள் புத்தகமாக வந்திருக்கிறதல்லவா? கல்லூரியில் படித்தபோது பாதி வாசித்தேன். திரும்ப எடுக்க வேண்டும்.

பெரியப்பா [8:36]: ஆமாம் அம்மா. என்னிடம் இருக்கிறது. வரும்போது வாங்கிக்கொள்.

நான் [8:50]: எனக்கு அந்த 2021 மே மாதம் மறக்காது. கி.ரா. புதுச்சேரியில் காலமாகி, உடலை இடைசெவலுக்குக் கொண்டுவந்து அரசு மரியாதையோடு அடக்கம் செய்தார்கள். ஊரடங்கு. பக்கத்திலேயே இருந்தும் நாங்கள் போகவில்லை. டிவியில்தான் பார்த்தோம். அதிலிருந்து வருடம் தவறாமல் 16-ஆம் தேதி போகிறேன்.

அத்தை (சாத்தூர்) [9:15]: மருமகளே, 16-க்கு நானும் வருகிறேன். கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் காத்திரு. வீட்டில் பிள்ளைகள் பேசும்போது ஒரு சொல்லுக்கு அர்த்தம் தெரியவில்லை என்றால் நான் அவருடைய வட்டார வழக்கு அகராதியைத்தான் எடுப்பேன். ஏழாம் வகுப்பைத் தாண்டாத மனிதரைப் புதுச்சேரிப் பல்கலைக்கழகம் கூப்பிட்டுப் பேராசிரியர் நாற்காலியில் உட்கார வைத்தது. நாம் பேசுகிற பேச்சுக்குக் கிடைத்த மரியாதை அது.

சித்தப்பா (ஊர்) [மதியம் 1:05]: எல்லோரும் பேசுவது சந்தோஷம். ஆனால் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். நேற்று ராத்திரி கொடைக் கமிட்டிக் கூட்டம். இந்த வருடம் வில்லுப்பாட்டு வேண்டாம், செவ்வாய் ராத்திரி இன்னிசைக் கச்சேரி மட்டும் போதும் என்று பேச்சு ஓடுகிறது.

நான் [1:07]: ஐயோ சித்தப்பா, ஏன்?

சித்தப்பா (ஊர்) [1:15]: இளவட்டங்கள் சொல்வதையும் தப்பு என்று சொல்ல முடியாது. போன வருடம் வில் பாட ஆரம்பிக்கும்போது ஐம்பது பேர் இருந்தார்கள். பத்தரை மணிக்கு எண்ணிப் பார்த்தேன், பதினோரு பேர். அதில் நாலு பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள். "யாருக்காகப் பாட வேண்டும்" என்று கேட்டால் என்ன பதில் சொல்வது? கமிட்டி கடைசி முடிவை வியாழக்கிழமை எடுக்கும்.

அத்தை (சாத்தூர்) [1:22]: வில் இல்லாமல் என்ன கொடை? அம்மாவிடம் சொன்னீர்களா?

சித்தப்பா (ஊர்) [1:24]: இன்னும் இல்லை அக்கா. எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

அண்ணன் (சென்னை) [1:40]: பணம்தான் தடை என்றால் நாம் போட்டுவிடலாமே. எவ்வளவு கேட்கிறார்கள்?

சித்தப்பா (ஊர்) [1:52]: ஆறு பேர் குழு. வண்டிச் செலவோடு இருபத்தெட்டாயிரம். பணம் பாதிப் பிரச்சினைதான் தம்பி.

பெரியப்பா [2:30]: பாதிப் பிரச்சினையை முதலில் தீர்ப்போம். என் பங்கு ஐந்தாயிரம். எட்டயபுரத்தில் பாரதி மணிமண்டபம் எப்படி வந்தது? எழுத்தாளர் கல்கி தன் பத்திரிகையில் கேட்டார், வாசகர்கள் அவரவர்களால் முடிந்ததை அனுப்பினார்கள். 1945-ல் ராஜாஜி அடிக்கல் நாட்டி, 1947 அக்டோபரில் திறந்தார்கள். ஊர் கூடிச் செய்தது நிற்கும்.

அத்தை (சாத்தூர்) [2:33]: என் பங்கு நான்காயிரம்.

அண்ணன் (சென்னை) [2:35]: எனக்குப் பத்தாயிரம் எழுதிக்கொள்ளுங்கள்.

நான் [2:36]: நான் ஐந்தாயிரம். மிச்சம் நாலாயிரம்தான்.

சித்தப்பா (ஊர்) [2:41]: மிச்சம் நான். உளுந்து விதைக்க வைத்திருக்கிற பணத்தில் எடுக்கிறேன், மழையும் இன்னும் இறங்கவில்லை.

*செப்டம்பர் 6, ஞாயிற்றுக்கிழமை*

ஆச்சி (சித்தப்பா போனிலிருந்து குரல் பதிவு, 2:14)

நான் [காலை 10:05]: ஆச்சி பேசியது வெளியூரில் இருப்பவர்களுக்குச் சரியாகக் கேட்காது என்பதால் எழுதிப் போடுகிறேன்:

"எல்லோரும் நல்லா இருக்கீங்களா. சின்னவன் வில்லு விஷயம் சொன்னான். நான் கல்யாணம் ஆகி இந்த ஊருக்கு வந்த வருடம் கொடைக்கு, வீட்டில் இருந்து ஒரு சாக்கை எடுத்துக்கொண்டு போய் வில்லுக்கு முன்னால் விரித்து உட்கார்ந்தேன். எனக்கு இங்கே யாரையும் தெரியாது. பேச ஆள் இல்லை. அன்றைக்கு அந்தக் கதையில் வந்த பெண்ணும் வாக்கப்பட்டு வேற்றூர் போனவள்தான். அவள் அழுகிறாள், நானும் அழுகிறேன். பக்கத்தில் இருந்த பொம்பளை என் கையைப் பிடித்துக்கொண்டாள். விடிகிற வரைக்கும் விடவில்லை. அவள்தான் எனக்கு இந்த ஊரில் முதல் சிநேகிதி. நாற்பது வருடம் ஒன்றாகக் களை எடுத்தோம். நான் இந்த வருடமும் சாக்கு எடுத்துக்கொண்டு போவேன். பாடினால் கேட்பேன். நடுவில் எழுந்து வர மாட்டேன்."

மதினி [10:20]: இரண்டு தடவை கேட்டேன். இவரும் கேட்டுவிட்டுப் பேசாமல் உட்கார்ந்திருக்கிறார்.

அண்ணன் (சென்னை) [10:41]: சித்தப்பா, 29 ராத்திரி நாங்கள் நாலு பேரும் முன் வரிசையில் இருப்போம். கமிட்டியில் சொல்லிவிடுங்கள்.

மதினி [11:02]: அத்தை, நான் பாப்பா, அம்மா போனில். வில்லுப்பாட்டில் வில் எதற்கு? அம்பு விடுவார்களா?

அத்தை (சாத்தூர்) [11:30]: பாப்பா, உன் அத்தைக்கு முன்னால் நான் சொல்கிறேன், எங்கள் சாத்தூர்க்காரர் பிச்சைக்குட்டி வில்லிசையில் பேர் பெற்றவர். ஆளைவிட நீளமான வில். அதன் உடம்பு முழுக்கச் சின்னச் சின்ன மணிகள். நாணை மேல்பக்கம் பார்க்க வைத்து, நடுவில் ஒரு மண்குடத்தின் கழுத்தோடு சேர்த்துக் கட்டியிருப்பார்கள். முன்னால் உட்கார்ந்து பாடுகிறவர் கையில் இரண்டு வீசுகோல். அதை வீசி நாணில் அடித்தால் மணிகள் எல்லாம் சேர்ந்து பேசும். குடத்தின் வாயில் ஒருவர் பத்தி என்கிற மட்டையால் தட்டுவார், அதுதான் அடிவயிற்றில் கேட்கிற சத்தம். உடுக்கை, தாளம், கட்டை வேறு. அவர் ஒரு வரி சொல்ல, பக்கத்தில் இருப்பவர் "ஆமா" என்பார். அந்த "ஆமா" இல்லாவிட்டால் கதை நகராது. அம்பு கிடையாது கண்ணு.

மதினி [11:34]: மணியைத் தொட்டுப் பார்க்க விடுவார்களா?

சித்தப்பா (ஊர்) [11:50]: கதை தொடங்குவதற்கு முன்னால் கேட்டால் விடுவார்கள். நான் முன்னால் உட்கார்ந்து பாடுகிற அண்ணாவியிடம் சொல்லிவைக்கிறேன்.

*செப்டம்பர் 8, செவ்வாய்க்கிழமை*

நான் [இரவு 8:15]: மதினி, தீபாவளிக்கு நீங்கள் இங்கே வருவதாக இருந்தால் ஒன்று யோசியுங்கள். விடிகாலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு நேராக எட்டயபுரம் போய்விடலாம், 15 கிலோமீட்டர்தான். தீட்சிதர் 1835-ல் தீபாவளி அன்று அங்கேதான் உயிர் விட்டார். சீடர்களை மீனாட்சி மேல் அவர் செய்த பாட்டைப் பாடச் சொல்லிக் கேட்டுக்கொண்டே போனதாகச் சொல்வார்கள். அவர் சமாதியில் பாடக் கூடுவார்கள். பெரிய சபா, மேடை, டிக்கெட் எதுவும் இல்லை. நீங்கள் பாட்டுக் கற்றுக்கொண்டவர்கள், உட்கார்ந்து ஒன்று பாடினால் போதும்.

மதினி [8:40]: எனக்கு இது தெரியவே தெரியாது! திருவாரூர்க்காரர் எட்டயபுரத்துக்கு எப்படி வந்தார்?

பெரியப்பா [8:58]: தம்பி பாலுசாமி தீட்சிதர் எட்டயபுரம் அரண்மனை வித்வான். வயலினை நம் சங்கீதத்துக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர். தம்பியைப் பார்க்க வந்த அண்ணன் இங்கேயே தங்கிப்போனார். வருகிற வழியில் கரிசல் காய்ந்து வெடித்துக் கிடப்பதைப் பார்த்து அமிர்தவர்ஷிணி ராகத்தில் பாட, மழை கொட்டியது என்று இங்கே ஒரு கதை உண்டு. மழைக்கு ஏங்குகிற ஊரில் அப்படி ஒரு கதை பிறக்காமல் இருக்குமா! இன்னொன்றும் சொல்கிறேன். அந்தக் குடும்பத்துச் சுப்பராம தீட்சிதர் 1904-ல் ஸ்வரக்குறிப்போடு வெளியிட்ட பெரிய புத்தகம் இல்லையென்றால் தீட்சிதர் பாட்டில் எவ்வளவு நமக்கு மிஞ்சியிருக்கும் என்று தெரியாது. அது அச்சானதும் எட்டயபுரத்தில்தான்.

மதினி [9:05]: தீபாவளிக்கு வருகிறோம். முடிவு செய்துவிட்டேன், இவரிடம் அப்புறம் சொல்லிக்கொள்கிறேன்.

அண்ணன் (சென்னை) [9:06]: படித்துவிட்டேன். சரி.

நான் [9:20]: தீபாவளி முடிந்து சஷ்டி வரை இருந்தால் கழுகுமலையும் ஆகிவிடும். மலை ஏறும்போது காவடிச்சிந்து பாடிக்கொண்டே போகலாம். சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் கழுகுமலை முருகன் மேல் பாடிவைத்துவிட்டு, முப்பதைத் தாண்டாமல் போனவர். பாப்பாவுக்கு ஒரு செய்தி: அந்தக் காவடிச்சிந்தைப் பிற்காலத்தில் பதிப்பித்தவர்களில் நம் இடைசெவல் அழகிரிசாமியும் ஒருவர். அதனால் 27-ஆம் தேதி அவர் ஊரைப் பார்த்துவிட்டு அப்புறம் கழுகுமலை போவதுதான் வரிசை.

*செப்டம்பர் 10, வியாழக்கிழமை*

சித்தப்பா (ஊர்) [இரவு 9:48]: கூட்டம் இப்போதுதான் முடிந்தது. ஆச்சி பேசியதைக் கமிட்டியில் போட்டுக் காட்டினேன். தலைவருடைய அம்மாதான் ஆச்சி சொன்ன அந்தச் சிநேகிதி. அவருக்கு அது தெரியாது. கொஞ்ச நேரம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

அத்தை (சாத்தூர்) [9:49]: அப்புறம்?

சித்தப்பா (ஊர்) [9:57]: செவ்வாய் ராத்திரி எட்டு மணிக்கு வில். புதன் ராத்திரி கச்சேரி. வில் பாடும்போது வேறு எந்த ஸ்பீக்கரும் போடக்கூடாது என்று இளவட்டங்களே சொன்னார்கள். முழுக்கதை விடிய விடிய வேண்டாம், ஒரு மணி வரைக்கும் பாடட்டும் என்று அண்ணாவியிடம் பேசியாயிற்று. அவரும் ஒன்றுதான் கேட்டார்: முன்னால் நாற்காலி போடாதீர்கள், தரையில் உட்காருங்கள், அப்போதுதான் முகம் தெரிகிறது, முகம் தெரிந்தால்தான் பாட வருகிறது என்றார்.

பெரியப்பா [10:02]: நியாயம்தான். என் முழங்காலுக்குத் தலையணை ஒன்று கொண்டுவருகிறேன், தரையில்தான் உட்காருவேன்.

நான் [10:05]: சென்னையிலிருந்து நாலு, அத்தை வீட்டில் மூன்று, பெரியப்பா வீட்டில் இரண்டு, சித்தப்பா வீட்டில் நாலு, ஆச்சி, நான். பதினைந்து பேர் ஆயிற்று. என் பள்ளிக்கூடப் பிள்ளைகளில் நம் ஊர்ப்பக்கம் இருப்பவர்கள் எட்டுப் பேர், அவர்கள் வீட்டிலும் கேட்கிறேன்.

மதினி [10:11]: அத்தை, நான் பாப்பா. "ஆமா" நாங்களும் சொல்லலாமா?

அத்தை (சாத்தூர்) [10:12]: சொல்லு கண்ணு. சத்தமாகச் சொல்லு.

சித்தப்பா (ஊர்) [10:20]: ஆச்சி தூங்கவில்லை, பக்கத்தில்தான் இருக்கிறார். பெரிய சாக்காக எடுத்துவைக்கட்டுமா, பாப்பாவும் அவர் பக்கத்தில் உட்காருமா என்று கேட்கிறார்.

மதினி [10:21]: உட்காருவேன்!

நான் [10:25]: 16-ஆம் தேதிக்கு வருகிறவர்கள் காலை 8 மணிக்குக் கோவில்பட்டி பஸ் ஸ்டாண்ட். வெயிலாக இருக்கும், குடை கொண்டுவாருங்கள். பெரியப்பா, அந்தக் கடிதப் புத்தகம்.